இரும்பு ஆளுக்குப் பேர் விழுமா?

போன மாதம் மருமகன் வீட்டு வீடியோ டெக்கில் ஒரு படம் போட்டார். விஞ்ஞானப் படமாம். ஒருவனைக் கட்டிலில் கிடத்தித் தலையைச் சுற்றிக் கம்பிகளை மாட்டி, அவன் ஞாபகத்தையெல்லாம் உருவி எடுத்துவிடுகிறார்கள். எடுத்த இடத்தில் வேறு ஞாபகத்தை வைக்கிறார்கள். புதுப் பேர் ஒன்றும் கொடுக்கிறார்கள். அவன் எழுந்து, மேலே இருக்கிறவர்கள் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறான். மருமகன் பள்ளிக்கூட வாத்தியார். படத்தை நடுநடுவே நிறுத்தி எனக்குப் பாடம் நடத்தினார்.

"இதெல்லாம் வருங்காலத்துல நடக்கப்போற கதை அத்தை. மனுசனோட நெனப்ப எடுத்துட்டு அவன ஆட்டிவைக்கிறது. உங்க காலத்துல இதெல்லாம் யாரும் கனவுலகூடக் கண்டிருக்க மாட்டாங்க."

வாத்தியாரிடம் எதிர்த்துப் பேசினால் படம் முடிய விடியற்காலை ஆகிவிடும். ஆனால் உங்களிடம் சொல்லலாம். நீங்களும் என்னைப் போலத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்து, இப்போது பிள்ளைகள் வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள்தானே. அவர் சொன்ன அந்த வருங்காலம் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இலங்கையில் பசறைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வந்துவிட்டுப் போய்விட்டது. அதைச் செய்தவர்களில் நானும் ஒருத்தி.

'பேர்' என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் தெரியட்டும் என்று சொல்லிவைக்கிறேன். காலையில் பனி விலகுமுன் தப்பு மேளம் அடிப்பார்கள். பெரட்டுக் களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை செக்ரோல் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கையைத் தூக்கி "இருக்கேங்கய்யா" என்றால்தான் அன்றைய வேலை கணக்கில் ஏறும். சாயங்காலம் கொழுந்து நிறைவாக இருந்தால் ஒரு நாள் பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். ஆளே வேண்டாம் என்று செக்ரோலிலிருந்து எடுத்துவிட்டால் பேரை வெட்டிவிட்டார்கள் என்போம். வெட்டின பிறகு லயத்தில் இடம் கிடையாது.

அந்த வருஷம் தோட்டத்தில் விஷக்காய்ச்சல் வந்தது. என் தாய் பதினேழு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். பதினெட்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அப்பா மகிழ்ச்சியில் கஞ்சியைத் தரையில் சிந்திவிட்டுக் கையில் வெறும் சட்டியோடு நின்றார். அவரை ஏற இறங்கப் பார்த்தவள், முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக ஒதுங்கினாள்.

பிறகு என்னிடம் கிசுகிசுத்தாள். "தங்கச்சி, யாரு இந்த ஆளு? அப்பாரு எங்க?"

என்னைத்தான் தங்கச்சி என்றாள். பெற்ற மகளை.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எங்களுக்கு விளங்கியது. அவளுக்குப் பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, கை கால் நன்றாக இருந்தது. அப்பாவைக் கட்டிக் கடல் தாண்டி வந்ததிலிருந்து நடந்த எதுவும் நினைவில் இல்லை. திருச்சிப் பக்கத்து ஊரில் பதினாலு வயதுப் பெண்ணாகத்தான் அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். அந்த ஊரில் என் வயதில் ஒரு தங்கையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அந்தத் தங்கை இப்போது நான்.

தோட்டத்து மருந்துக்கார ஐயா கண் இமையை விரித்துப் பார்த்து, காய்ச்சல் மூளைக்குப் போயிருக்கு என்று சொல்லி ஒரு கசப்பு மருந்து கொடுத்தார். பூசாரி வேப்பிலை அடித்துப் பார்த்தார். கங்காணி மட்டும் அதெல்லாம் வேஷம், வேலைக்குக் கள்ளம் என்றார். ஆனால் வேலையில் அவள் குறை வைக்கவில்லை. கூடையை மாட்டி மலையில் கொண்டுபோய் விட்டால் விரல்கள் தாமாகக் கொழுந்தைக் கிள்ளும். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவளே தன் விரல்களை அதிசயமாகப் பார்ப்பாள்.

சிக்கல் பெரட்டில்தான். பேரைக் கூப்பிட்டால் அவள் பேசாமல் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். முதல் சில நாள் லயத்தில் எங்கள் அடுத்த காம்பரா அறையில் இருந்த அக்கா அவளுக்காகக் குரல் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை அதைக் கண்டுபிடித்து, இரண்டு பேருக்கும் அரைப்பேர் போட்டார். அப்புறம் யாரும் துணியவில்லை. நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு, சாயங்காலம் பேரில்லாமல் வருவாள். "இன்னைக்கும் பேரு விழலயாம்" என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றிச் சொல்வதுபோல என்னிடம் சொல்வாள்.

ஒரு நாள் கங்காணி எங்கள் காம்பரா வாசலில் வந்து நின்றார்.

"தொரை கண்டிசனா சொல்லிட்டாருப்பா. கார்த்திகை பொறக்குறதுக்குள்ள அவ பேருக்கு அவ பதில் சொல்லணும். இல்லாட்டிப் பேர வெட்டி, சீக்காளின்னு எழுதி ஊருக்கு அனுப்பச் சொல்றாரு."

"தனியாவாங்க?" என்றார் அப்பா.

"நீயும் போனா ஒம் பேரையும் வெட்டுவாங்க. பிள்ளைய வச்சுக்கிட்டு யோசிச்சுக்க."

அப்பா இஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து அரைக்கிற உருளையில் வேலை செய்தவர். ஊருக்குப் போனால் பிழைக்க அவருக்கு ஒரு முழ நிலம் கிடையாது. தாயின் வீட்டார் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்பதும் தெரியாது. பதினாலு வயதுப் பெண் மனசோடு அவளைக் கப்பலில் தனியாக ஏற்றி அனுப்புவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. கார்த்திகைக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. வீட்டில் இப்படிப்பட்ட கஷ்டம் நடக்கும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். காய்ச்சலுக்கு முன்னால் என் தாய் என்னோடு பேச நேரமில்லாதவள். விடியுமுன் போவாள், இருட்டி வருவாள், தலையில் ஒரு குட்டு வைத்துச் சோறு போடுவாள். காய்ச்சலுக்குப் பின் வந்தவளோ என்னைத் தேடினாள். வேலை முடிந்து வந்ததும் லயத்துப் பின்பக்கம் கல்லில் உட்கார்ந்துகொண்டு, "தங்கச்சி, தலையக் காட்டு" என்பாள். பல் இரண்டு உடைந்த கொம்புச் சீப்பு ஒன்று இருந்தது. அதால் சீவி, இறுக்காமல் வலிக்காமல் பின்னுவாள். பின்னிக்கொண்டே ஊர்க் கதை சொல்வாள். ஏரிக்கரையில் நாவல் பழம் பொறுக்கியது, ஒற்றைக் காது நாய் ஒன்று, அப்பாருக்குத் தெரியாமல் கூத்துப் பார்க்கப் போனது. அவள் தலைமயிரிலிருந்து பச்சைக் கொழுந்து வாசம் வரும். நான் "அப்புறம் என்னக்கா?" என்பேன். அக்கா என்றுதான் கூப்பிட்டேன். என் வாழ்நாளில் அந்த இரண்டு மாதம் போல எதுவும் இருந்ததில்லை.

ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன். "அக்கா, ஒங்க பேரு என்ன?"

அவள் சட்டென்று ஒரு பேரைச் சொன்னாள். செக்ரோலில் இருக்கிற பேர் அல்ல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அது ஊர்ல அவளுக்கு வச்ச பேரு. கப்பலேறுறதுக்கு முந்தி முகாம்ல எழுதுன கிளாக்கர் காதுல சரியா விழாம வேற எழுதிட்டாரு. அத மாத்தப்போனா வரிசையில பின்னால தள்ளிருவாங்கன்னு பேசாம இருந்துட்டோம். அந்தப் பழைய பேரு செக்ரோல்ல இல்ல. அது நமக்கு எதுக்கு?"

தாயின் பேரை மகள் வாயால் சொல்லக் கூடாது என்றுதான் நம்மை வளர்த்தார்கள். அதனால் இரண்டு பேரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

தீபாவளிக்குப் பசறையில் ஜவுளிக்கடைச் செட்டியார் பயாஸ்கோப் கொண்டுவந்தார். அவர் கடையில் துணி எடுத்தவர்களுக்குப் படம் சும்மா. பட்டப்பகலில் கடைக்குப் பின்னால் இருந்த அரிசிக் கிட்டங்கியின் ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தார்கள். ஈரச் சாக்கு நாற்றமும், புதுச்சேலைக் கஞ்சி வாசமும், படம் ஓட்டும் இயந்திரத்துக்காரர் விளக்கில் எரிந்த ஏதோ ஒன்றின் காட்டமும் கலந்து மூக்கில் ஏறியது. அப்பா, நான், நடுவில் தாய் என்று சாக்கின் மேல் உட்கார்ந்தோம். அப்பா பக்கம் சாயாமல் அவள் என் மேல் சாய்ந்துகொண்டாள்.

படம் பேசாத படம். திரைக்குப் பக்கத்தில் கடைச் சிப்பந்தி ஒருவர் மூங்கில் குச்சியோடு நின்று கதை சொன்னார். திரையில் வருகிற இங்கிலீஷ் எழுத்து அவருக்குத் தெரியாது என்பது முதல் ஐந்து நிமிஷத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் இரும்பால் ஓர் ஆளைச் செய்கிறார். சிப்பந்திக்கு அவர் தொரை ஆகிவிட்டார்.

"பாருங்க, தொரை நெஞ்சுக் கதவத் தொறக்குறாரு. உள்ள பாருங்க, சக்கரம்! சக்கரத்த முடுக்குறாரு. இப்பப் பாருங்க, ஊதப் போறாரு!"

தொரை ஊதலை ஊதினார். இரும்பு ஆள் வலது கையைத் தூக்கினான். கிட்டங்கி முழுக்கச் சிரிப்பு. பெரட்டில் நிற்கிற மாதிரியேதான் தூக்கினான். மறுபடி ஊதினால் கூட்டினான், பெட்டி தூக்கினான், மரம் பிளந்தான். தொரை நெஞ்சிலிருந்து ஒரு சின்னச் சக்கரத்தைக் கழற்றியதும் எல்லாம் மறந்து சுவரைப் பார்த்து நின்றான். திரும்ப மாட்டியதும் கை தூக்கினான்.

அந்த இருட்டில் என் தாய் எழுந்து நின்றாள். தெளிவான குரலில் சிப்பந்தியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏங்க, சாயங்காலம் அவனுக்குப் பேரு விழுமா?"

"அவனுக்குப் பேரே இல்லையேம்மா, எங்கிட்டு விழும்?" என்றார் சிப்பந்தி. கிட்டங்கி அதிர்ந்தது. சிரித்துச் சிரித்துப் பெண்களுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் தாய் மட்டும் "பாவம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

கடைசியில் அந்த இரும்பு ஆளே தொரையைத் துடைப்பத்தால் கூட்டிக்கொண்டுபோய்த் தண்ணீர்த் தொட்டியில் தள்ளிவிட்டான். அதற்குத்தான் அன்றைக்குப் பெரிய கைத்தட்டல். கைத்தட்டலைக் கேட்ட இயந்திரத்துக்காரர் உற்சாகமாகிக் கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றினார். தொரை தொட்டியிலிருந்து நனையாமல் பறந்து வந்து நின்றார். பிளந்த மரம் ஒட்டிக்கொண்டது. நடந்ததெல்லாம் நடக்காமல் போயிற்று.

படம் விட்டதும் கூட்டத்துக்குள் நுழைந்து இயந்திரத்துக்காரரிடம் போனேன்.

"மாமா, எங்கம்மாவுக்கும் இப்படிப் பின்னால சுத்துவீங்களா? காய்ச்சலுக்கு முந்தி வரைக்கும் சுத்துனாப் போதும்."

அவர் சிரித்திருந்தால் மறந்திருப்பேன். அவர் என்னையும், தூரத்தில் நின்ற தாயையும் பார்த்தார். "இதுல இருக்கிறதத்தான் பாப்பா பின்னால ஓட்டலாம்" என்றார். அறுந்துபோன படச் சுருளில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டைக் கத்தரித்துக் கையில் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தால் கை தூக்கிய இரும்பு ஆள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக ஐந்து தடவை நிற்பான்.

மலையேறி லயத்துக்கு வந்ததும் அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இரும்புல செஞ்சவனே பழகிக்கிறான். இவ மனுசிதானே? பேரக் கூப்பிட்டாக் கை தூக்கப் பழக்கிருவோம். வேற ஒண்ணும் வேணாம். நீ அவ பேரச் சொல்லக் கூடாது, நான் சொல்றேன். நீ கையத் தூக்கி விடு."

அன்று சாயங்காலமே தொடங்கினோம். அப்பா தகரத் தட்டைத் தட்டுவார், பிறகு செக்ரோல் பேரைக் கூப்பிடுவார். நான் தாயின் வலது மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்குவேன். "இருக்கேங்கய்யா" என்று நான் சொல்ல, அவளும் சொல்ல வேண்டும். சொன்னால் ஒரு துண்டுக் கருப்பட்டி. முதலில் அவளுக்கு அது விளையாட்டு. "அந்தப் பொண்ணு எங்க போயிட்டா? ஏன் நாம சொல்றோம்?" என்று கேட்டுச் சிரித்தாள். நாள் ஆக ஆகச் சிரிப்பு குறைந்தது. "அது நான் இல்ல தங்கச்சி" என்று என் காதோடு சொல்லுவாள். கையை நான் தூக்கினால் தூக்குவாள், விட்டால் போட்டுவிடுவாள்.

பத்து நாளாகியும் படியவில்லை. அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட மனசில் வந்த யோசனை அல்ல. அவர் அவளை இழந்துவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தார்.

"நீ அக்கா அக்காங்கிறதாலதான் அவ அங்கேயே நிக்கிறா. இனிமே தங்கச்சின்னு கூப்பிட்டா ஏன்னு கேக்காத. திரும்பிப் பாக்காத. அங்க யாரும் இல்லைன்னு தெரிஞ்சா இங்க வந்துருவா."

ஒன்பது வயதில் எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மறுநாள் அவள் கல்லில் உட்கார்ந்துகொண்டு கொம்புச் சீப்பைக் கையில் வைத்தபடி கூப்பிட்டாள். "தங்கச்சி, தலையக் காட்டு." நான் இரண்டடி தூரத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை. "தங்கச்சி." திரும்பவில்லை. "கோவமாடி?" என்றாள். நான் விறகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் அடுப்படியில் அழுதேன் என்று சொன்னால் இப்போது யாருக்கு என்ன லாபம்.

ஆறு நாள் கூப்பிட்டாள். ஏழாம் நாள் கூப்பிடவில்லை. சீப்பைச் சுவர்ப் பொந்தில் வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் அப்பா தட்டைத் தட்டிப் பேரைக் கூப்பிட்டார். நான் மணிக்கட்டைப் பிடிக்குமுன் கை தானாக மேலே போயிற்று. "இருக்கேங்கய்யா."

கார்த்திகை பிறக்க மூன்று நாள் இருந்தபோது பெரட்டுக் களத்தில் அதுவே நடந்தது. நானும் போய் ஓரத்தில் நின்றேன். அன்று தொரையும் குதிரையில் வந்திருந்தார். கணக்கப்பிள்ளை பேரைக் கூப்பிட்டுவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பனிக்குள் அவள் கை நேராக எழுந்தது. குரல் பிசிறாமல் வந்தது. தொரை தலையை ஆட்டிவிட்டுப் போனார். கங்காணி "சொன்னேன்ல, எல்லாம் வேஷம்" என்றார். அன்றைக்கு அவளுக்கு முழுப்பேர் விழுந்தது. அப்பா இஸ்டோரிலிருந்து ஓடி வந்து, கை நிறையக் கொழுந்துத் தூளோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பேரை வெட்டவில்லை. அவளைக் கப்பலேற்றவில்லை. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தோம்.

அதன் பிறகு அவள் முப்பது வருஷம் அந்தத் தோட்டத்தில் பேர் போட்டாள். சமைத்தாள், கூட்டினாள், அப்பாவைக் கண்டு ஒதுங்குவதையும் விட்டாள். ஏரிக்கரை, நாவல் பழம், ஒற்றைக் காது நாய் எதையும் அவள் வாயால் மறுபடி நான் கேட்கவில்லை. என்னைத் தங்கச்சி என்றும் கூப்பிடவில்லை, மகளே என்றும் கூப்பிடவில்லை. எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. அவளுடைய செக்ரோல் பேர் ஊரெல்லாம் உள்ள பேர். பசறைச் சந்தையில் யாரோ தன் மகளை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டால், காய்கறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை தூக்குவாள். சந்தைப் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துக்கொண்டு வேண்டுமென்றே கூப்பிட்டு விளையாடும். நான் கல் எடுத்து எறிந்திருக்கிறேன்.

இயந்திரத்துக்காரர் கொடுத்த படத்துண்டு ஒரு தகரச் சிமிழில் இருந்தது. ஒரு நாள் அடுப்பு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கப்போக, புஸ்ஸென்று ஒரே மூச்சில் எரிந்து போயிற்று. விரலில் கொப்புளம் மட்டும் மிஞ்சியது.

எனக்குக் கல்யாணமாகி எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக்கு வந்தேன். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு தாயை என்னோடு கூட்டிவந்தேன். கொம்புச் சீப்பையும் அந்தப் பொந்திலிருந்து எடுத்துவந்தேன். கடைசியில் அவள் படுத்தபோது நாலு நாள் கண் திறக்கவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டேன். காதில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். ஒரு அசைவும் இல்லை. அவள் இருக்கிறாளா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. யாரும் பக்கத்தில் இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அந்தச் செக்ரோல் பேரைச் சொன்னேன், கணக்கப்பிள்ளை சொல்வதுபோல.

போர்வைக்குள்ளிருந்து வலது கை எழுந்தது. "இருக்கேங்கய்யா" என்றாள்.

பெற்ற மகளுக்குத் தாய் சொன்ன பதில் அது. தூக்கிய கையை அவள் இறக்கவேயில்லை. நான் மணிக்கட்டைப் பிடித்தேன். அன்றைக்கு மேலே தூக்கிவிட்ட அதே மணிக்கட்டை இப்போது மெல்ல இறக்கி என் மடியில் வைத்தேன். பிறகு, முகாமில் தொலைந்துபோன அந்தப் பழைய பேரையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "அக்கா" என்றேன். "அக்கா, நான்தான்."

வெகு நேரம் கழித்துக் கண் திறந்தது. என்னைத் தேடி வந்து நின்றது.

"தங்கச்சி" என்றாள்.

"ஏன்க்கா" என்றேன்.

"எவ்வளவு நேரமாக் கூப்பிடுறேன். எங்கடி போயிட்ட?"

அவள் விரல்கள் என் மடியில் எதையோ துழாவின. நான் சீப்பை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"தலையக் காட்டு" என்றாள்.

நரை விழுந்த தலையை அவிழ்த்துவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தேன்.